சவக்கிடங்கு வாசலில் ஒரு பெஞ்சு

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'சரிவு'. அடுக்குமாடிக் கட்டடங்களின் அடித்தளத்துக்குக் கார் இறங்கும் சரிவுப் பாதையை வரைவதுதான் அவள் வேலை. ஆர்க்கிடெக்ட் படிப்பு முடித்துச் சேர்ந்த நாளிலிருந்து அதையேதான் வரைந்துகொண்டிருந்தாள். காரின் மூக்கு இடிக்கக் கூடாது, வால் உரசக் கூடாது. அதற்கு மேல் அவளிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. மாடியில் ஜன்னல் எங்கே வரும் என்பதையெல்லாம் முதலாளி காபி ஆறுவதற்குள் முடிவு செய்துவிடுவார்.

அவளும் கல்லூரித் தோழன் நெட்டையும் சேர்ந்து டிசைன் போட்டிகளுக்கு வரைந்து அனுப்புவார்கள். நூலகம், பாலம், நினைவு மண்டபம் என்று எதையும் விட்டதில்லை. எதிலும் ஜெயித்ததுமில்லை. நெட்டை வேறொரு அலுவலகத்தில் கழிப்பறைகள் வரைந்துகொண்டிருந்தான். "நம்ம சொன்ன இடத்துல ஒரு கதவு வரணும்னாலே தலை நரைச்சிடும். போட்டின்னா இன்னிக்கே மொத்தக் கட்டடமும் நம்மளது" என்பான். அவளுக்குப் பிடித்தது வேறு. போட்டித் தாளில் பெயர் இருக்காது. வரைந்தது யார், எங்கே வேலை பார்க்கிறார் என்பது நடுவர்களுக்குத் தெரியாது. வரைந்ததை மட்டும்தான் பார்ப்பார்கள்.

அந்த வருடம் அப்பா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். உடலைத் தர நேரமாகும் என்றார்கள். அவளும் அம்மாவும் சவக்கிடங்குக்கு வெளியே, மாடிப்படிக்கு அடியில், ஸ்கூட்டர்களுக்கு நடுவே நின்றார்கள். உட்கார இடமில்லை. சவக்கிடங்குச் சரிவில் ஸ்ட்ரெச்சரை இறக்கிய ஊழியர் பின்னால் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பிடித்தார். சரிவு ரொம்பச் செங்குத்து என்று அவளுக்குத் தோன்றியது. வேறெதுவும் தோன்றவில்லை. அழுகையும் வரவில்லை. வேலைக்குத் திரும்பியபின் யாராவது துக்கம் விசாரித்தால், யார் வீட்டுச் செய்தியோ போலக் கேட்டுத் தலையாட்டினாள்.

சில மாதம் கழித்து நெட்டை போன் செய்தான். "புதுப் போட்டி வந்திருக்கு. சவக்கிடங்குல சொந்தக்காரங்க காத்திருக்கிற இடம். உனக்குக் கஷ்டமா இருந்தா விட்டுடலாம்."

"போடலாம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்தார்கள். நெட்டை உயரமான ஒரு குவிமாடத்தை வரைந்து, நடுவில் வெளிச்சம் விழ ஒரு துளை வைத்தான். அவள் கீழேயே வரைந்துகொண்டிருந்தாள். ஆள் படுக்கிற அகலத்துக்கு ஒரு பெஞ்சு. பக்கத்தில் தண்ணீர்க் குழாய். உடலோடு போகிறவர்கள் காத்திருப்பவர்களைக் கடக்காமல் போக இன்னொரு வாசல். மெதுவாக இறங்கும் சரிவு.

"என்ன இது, பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கு? ஜூரி கண்ணுல படணும்ல" என்றான் நெட்டை.

"அங்க யாரும் மேல பாக்க மாட்டாங்க."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நானும் அம்மாவும் நின்னோம். பாதி நாள்."

நெட்டை ரப்பரை எடுத்துக் குவிமாடத்தை அழித்தான். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "சாப்பிட மேஜைய விடுவீங்களா, மாட்டீங்களா?" என்று கேட்டாள்.

முதல் பரிசு அவர்களுக்குத்தான் கிடைத்தது. மேடையில் நெட்டை குழந்தை மாதிரி அழுதான். அவள் பக்கத்தில் நின்று போட்டோவுக்கு முகம் காட்டினாள். சந்தோஷம் எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். இல்லை. மறுநாள் முதலாளி, "நம்ம சரிவுக்கு ஏறுமுகமாயிடுச்சே!" என்று எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்துவிட்டு, மதியம் அடுத்த காம்ப்ளெக்ஸின் சரிவுப் பாதையை அவள் மேஜையில் வைத்தார்.

அது யோசனைகளுக்கான போட்டி மட்டும்தான். கட்டித் தருவதாக யாரும் சொல்லவில்லை. பரிசைக் காட்டி நெட்டை பெரிய அலுவலகம் ஒன்றில் வேலை வாங்கிக்கொண்டு போனான். அவள் ஒரு நாள் டிராயிங்கைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, அப்பா இறந்த அதே ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டடங்களைப் பராமரிக்கும் இன்ஜினியர் புரட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா இவ்வளவெல்லாம் நடக்காது."

"பெஞ்சு மட்டும் போட்டுத் தர முடியுமா சார்?"

அவர் ஜன்னல் வழியாகக் கொல்லையைப் பார்த்தார். ஏதோ வேலையில் மிஞ்சிய கருங்கல் பலகைகள் அங்கே கிடந்தன. "பெஞ்சுதானே? பாக்கலாம்."

போட்டுவிட்டார்கள். ஆனால் அவள் வரைந்த அகலம் இல்லை. ஒரு ஜாண் குறைந்துவிட்டது. படுத்தால் கை வெளியே தொங்கும். ஸ்கூட்டர்காரர்கள் அதன் மேல் ஹெல்மெட்டை வைத்துவிட்டுப் போனார்கள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

அம்மா பார்க்க வேண்டும் என்றாள். அவள் அழைத்துப் போனாள். அம்மா ஹெல்மெட்டுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். கல்லைத் தடவிப் பார்த்தாள்.

"அன்னிக்குக் கால் வலில உயிரே போச்சு. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு சொல்லல" என்றாள்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாவின் கால்களைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எதிரே ஒரு குடும்பம் நின்றிருந்தது. அம்மா அவர்களைப் பார்த்ததும் எழுந்து இடம் விட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், பள்ளிக்கூடக் கழிப்பறைகளுக்கு ஒரு போட்டி வந்திருப்பதாக அம்மாவிடம் சொன்னாள். நெட்டையைத்தான் கேட்க வேண்டும், அவனுக்குத்தான் அது அத்துப்படி.

"இதுல ஜெயிச்சா கட்டுவாங்களா?"

"தெரியலம்மா. வரைய விடுவாங்க."

"சரி, வரை" என்று அம்மா ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.