டோக்கன் 418

எங்கள் பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டரிடம்கூட 'ங்க' போட்டுப் பேசுகிற ஒரே ஆள் பூபாலன் அண்ணன்தான். அது திணறி நின்றுவிட்டால், "ஏனுங்க, சித்த வேகமா வாங்க" என்பார். நானாக இருந்தால் மண்டையில் ஒரு தட்டுத் தட்டியிருப்பேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். தூத்துக்குடியிலிருந்து திருப்பூர் வந்து, மெர்ச்சண்டைசிங் பிரிவில் உட்கார்ந்து, ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர்களின் மெயில்களுக்கு மாய்ந்து மாய்ந்து பதில் எழுதுகிற எவளுக்கும் அப்படித்தான் இருக்கும்.

துணி வெட்டுவதற்கான அளவு மாதிரிகள் போடும் பேட்டர்ன் ரூமுக்கு அவர் இன்சார்ஜ். அவிநாசிப் பக்கம் தோட்டத்து வீடு. டிப்ளமோ படித்தவர். காலையில் டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்து இறங்கும்போதே வாட்ச்மேனுக்கு ஒரு வணக்கம், கட்டிங் மாஸ்டருக்கு ஒரு வணக்கம், எங்கள் ரூம் வாசலில் எனக்கு ஒரு வணக்கம். இத்தனைக்கும் நான் அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள். "அண்ணே, எனக்கு எதுக்கு வணக்கம்" என்று ஒருமுறை எரிந்து விழுந்தேன். "இருக்கட்டுமுங்க" என்று சொல்லி, மறுநாளும் வைத்தார்.

இந்த மனுஷன்தான் 'கிலோ'வை எழுதியவர். எங்கள் தொழிலில் ஆர்டர் பீஸ் கணக்கில் வரும், துணியை கிலோ கணக்கில் வாங்க வேண்டும். பின்னல் துணி நனைந்தால் சுருங்கும். பத்தாயிரம் பனியனுக்கு எத்தனை கிலோ துணி என்பதில் கொஞ்சம் பிசகினாலும், கடைசி ஐநூறு பீஸுக்குத் துணி இல்லாமல் கட்டிங் டேபிளில் கைபிசைந்து நிற்க வேண்டியதுதான். அளவைக் கொடுத்தால் கிலோவைச் சொல்லும் ஒரு நிரலை அவர் 2002இல் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று இன்டர்நெட்டில் போட்டுவிட்டார். இங்கே காதர்பேட்டையில் சின்ன யூனிட் வைத்திருந்தவர்கள் எடுத்தார்கள். வங்கதேசத்தில் எடுத்தார்கள், போர்ச்சுகலில் எடுத்தார்கள். "ஏண்ணே, இதை விக்கலாமே" என்றேன். "நான் எழுதறதுக்கு வச்சிருக்கற சாமானம் பூரா எவனோ ஓசில குடுத்ததுங்க. அதுல செஞ்சத நான் எப்படீங்க விக்கறது" என்றார்.

கிலோவின் மூல நிரலில் யார் கை வைத்தாலும், யார், என்று, எதற்காக மாற்றினார் என்று ஒரு பதிவு விழும். சிவிஎஸ் என்று அதற்கு ஒரு பழைய ஏற்பாடு, பேட்டர்ன் ரூமின் பழைய கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனிக்குள்ளேயே ஏழெட்டுப் பேர் அதில் வேலை செய்தோம். உள்ளே நுழைய ஆளுக்கொரு பெயர் வேண்டுமல்லவா. எங்கள் மாடியில் மட்டும் செல்வி என்று மூன்று பேர். அதனால் பூபாலன் அண்ணன் அவரவர் டோக்கன் நம்பரையே பெயராகக் கொடுத்துவிட்டார். கம்பெனியில் பெயர் தெரியாத ஆள் உண்டு, டோக்கன் நம்பர் தெரியாத ஆள் கிடையாது. வருகைக்கும் அதுதான், கேன்டீனுக்கும் அதுதான். என் நம்பர் 418.

2009 மார்ச்சில் சிவிஎஸ்ஸை விட்டுவிட்டு 'கிட்' என்ற புது ஏற்பாட்டுக்கு மாற அண்ணன் முடிவு செய்தார். கிலோவை எடுத்துத் திருத்திக்கொண்டிருந்த வெளிநாட்டுக்காரர்கள் வற்புறுத்தினார்கள். கிட்டில் ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் ஒரு பிரதியாக இருக்கும். ஏழு வருஷப் பதிவு ஒன்றுகூட விடாமல் புது இடத்துக்குப் போக வேண்டும். போகும்போது டோக்கன் நம்பர்களை மனிதப் பெயர்களாக மாற்றிவிடலாம். இடப்பக்கம் நம்பர், வலப்பக்கம் பெயர் என்று ஒரு பட்டியல் கொடுத்தால் போதும். அவர் டைம் ஆபீஸிலிருந்து வருகைப் பதிவேட்டை வாங்கி வந்து, உட்கார்ந்து, முத்து முத்தாகப் பட்டியல் போட்டார். திங்கட்கிழமை வேலை முடிந்தது. எல்லோரும் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று குழுவுக்கு மெயில் போட்டார்.

செவ்வாய்க்கிழமை நான் இன்டர்நெட்டில் கிலோவின் புதுப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதிகம் உழைத்தவர்கள் வரிசையில் பூபாலன் அண்ணனுக்கு அடுத்து என் பெயர். ரோஸ்மேரி, 263 பதிவுகள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சென்னையில் இருக்கும் என் தம்பிக்கு உடனே அந்த முகவரியை அனுப்பினேன். பிறகுதான் நிதானமாகக் கீழே இறங்கிப் பார்த்தேன். என் பெயரில் முதல் பதிவு 2003 ஜூலை. 'கழுத்து ரிப் வேற மாதிரி சுருங்குது, தனியாக் கணக்குப் போட்டிருக்கேன்.' 2003 ஜூலையில் நான் தூத்துக்குடியில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ரிப் என்பது கழுத்துப் பட்டிக்கான துணி; விலா எலும்பு என்றுதான் எனக்கு அப்போது தெரியும்.

விஷயம் அங்கேயே விளங்கிவிட்டது. ஒருவர் வேலையை விட்டுப் போனால் டோக்கனைத் திருப்பிக் கொடுப்பார், அடுத்து வருகிறவருக்கு அதையே கொடுப்பார்கள். எனக்கு முன்னால் 418 வேறொருத்தியுடையது. நான் சேர்ந்தபோது அண்ணன் பாஸ்வேர்டை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறார். பதிவேட்டில் இப்போது 418க்கு நேரே இருப்பது என் பெயர். அவ்வளவுதான் நடந்தது. நான் அவரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தம்பி வேறு, 'அக்கா கலக்குறியே' என்று பதில் போட்டிருந்தான். மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வெட்கம்தான், ஆனாலும் இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் பேட்டர்ன் ரூமில் நின்றபோது பூபாலன் அண்ணனின் செல்போன் அடித்தது. உசிலம்பட்டியிலிருந்து ஒச்சம்மாள். பழைய 418. செக்கிங்கில் பீஸ் பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் கம்ப்யூட்டர் படித்தவள். கழுத்துப் பட்டிக்கு ஏன் எப்போதும் துணி பற்றாமல் போகிறது என்று கண்டுபிடித்து இவரிடம் வந்து சொன்னவள். "அப்பறம் என்ன கண்ணு, நீயே மாத்து" என்று இவர் நாற்காலியை விட்டு எழுந்து கொடுத்தாராம். 2005இல் அவள் அப்பா மரத்திலிருந்து விழுந்து படுத்த படுக்கையாகிவிட, ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. இப்போது மதுரையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் திங்கட்கிழமை நேர்முகத் தேர்வு. படித்து நாலு வருஷம் சும்மா இருந்தவளிடம் காட்டுவதற்கு வேறு எதுவும் இல்லை. விண்ணப்பத்தில் கிலோவின் முகவரியை எழுதி, என் வேலையை இங்கே பாருங்கள் என்று போட்டிருக்கிறாள். அதை அச்செடுத்துப் போகலாம் என்று நெட் சென்டரில் உட்கார்ந்து திறந்தால், அவள் பெயரே இல்லை.

"யாரோ ரோஸ்மேரின்னு இருக்குண்ணே" என்று அவள் சொன்னது ஃபோனுக்கு வெளியே எனக்குக் கேட்டது. "பூராத்தையும் அவுக செஞ்சதாப் போட்டுருக்கு. கம்பெனிக்காரவுக பாத்துட்டு, நான் பொய் சொல்றேன்னு நெனைக்க மாட்டாகளாண்ணே."

பூபாலன் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "தப்பு என்னுது கண்ணு. நான் பண்ணிப்போட்டேன். திங்கக்கிழமைக்குள்ள உம் பேரு வந்துரும்" என்றார்.

நான்தான் லேசான வழி ஒன்று சொன்னேன். "ஒரு குறிப்பு எழுதி மேல வச்சிரலாம்ணே. இன்ன தேதி வரை ஒச்சம்மாள்னு." அவர் தலையாட்டினார், சம்மதத்துக்கு அல்ல. "சைஸ் தப்பா ஒட்டுன ஸ்டிக்கர் மேல இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டி பீஸ் அனுப்புனா நீங்க உடுவீங்களாங்க? அடியில தப்பு அப்படியேதான இருக்கும்."

விடமாட்டேன்தான். ஆனால் அடியில் போய்த் திருத்துவதில் ஒரு சங்கடம் இருந்தது. கிட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் அடையாள எண், அதற்கு முந்தைய பதிவின் எண்ணையும் சேர்த்தே அது உண்டாகும். 2003இல் ஒரு பெயரை மாற்றினால் அதற்குப் பின் வந்த எல்லாப் பதிவின் எண்ணும் மாறிப்போகும். திங்கட்கிழமை முதல் பிரதி எடுத்தவர்களின் பிரதிகள் புதியதோடு ஒட்டாது. பத்தொன்பது பேர் எடுத்திருந்தார்கள். பாதிப் பேர் அதன் மேல் வேலையும் தொடங்கிவிட்டார்கள். அத்தனை பேரிடமும், என் தவறு, உங்கள் பிரதியை அழித்துவிட்டு மறுபடி எடுங்கள் என்று கேட்க வேண்டும். யாருக்கும் ஒரு டீ சொல்லக்கூடத் தயங்குகிற மனுஷன் இதைக் கேட்க வேண்டும்.

கேட்டார். இங்கிலீஷில் ஒன்றரைப் பக்கம். ஒவ்வொரு பாராவிலும் ஒரு மன்னிப்பு. 'நான் சிரமம் கொடுப்பது எனக்கே தெரிகிறது, ஆனால் இது ஒரு பெண்ணின் உழைப்பு' என்று ஒரு வரி. மூன்று மன்னிப்பை வெட்டச் சொன்னேன். ஒன்றை வெட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நேரே கம்பெனிக்குப் போனேன். ஷட்டர் பாதி திறந்திருந்தது. மெஷின் சத்தம் இல்லாத கம்பெனி எனக்கு வேறு ஏதோ கட்டிடம் போல இருந்தது. பழைய சிவிஎஸ் பதிவுகளை அவர் அழிக்காமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. பட்டியலில் ஒரு நம்பருக்கு ஒரு பெயர்தான் போட முடியும் என்பதால், தேதி பார்த்துப் பிரிக்க அவரே ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருந்தார். ஓட்டத் தொடங்கி அரை மணியில் கரண்ட் போனது. இரண்டு மணி நேர மின்வெட்டு. யூபிஎஸ் பத்து நிமிஷம் கீச்சிட்டு அடங்கியது.

அந்தச் சும்மா இருந்த நேரத்தில் சொல்லிவிட்டேன். "அண்ணே, எனக்குச் செவ்வாக்கிழமையே தெரியும். சொல்லாம இருந்துட்டேன்."

அவர் காகிதத்தால் விசிறிக்கொண்டிருந்தார். "செவ்வாக்கிழமை நீங்களாவே எனக்கு டீ வாங்கிக் குடுத்தீங்க. அப்பவே என்னமோ இருக்குதுன்னு நெனச்சேனுங்க" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கரண்ட் வந்ததும் அந்த நிரலுக்காக 418ஐ நான்தான் தேதிவாரியாகப் பிரித்தேன். ஒச்சம்மாள் போனது 2005 ஜூன் 17. அதுவரை 222 பதிவுகள். நான் சேர்ந்தது ஆகஸ்ட் ஒன்று. என்னுடையவை 30, பெரும்பாலும் பக்கத்தின் நிறத்தை மாற்றியது. ஆனால் நடுவில், ஜூன் 20 முதல் ஜூலை 9 வரை, டோக்கனுக்கு ஆளே இல்லாத நாட்களில் பதினொரு பதிவுகள். எல்லாம் பனியனின் கைப்பகுதிக்கான துணிக் கணக்கு.

"இது யாருதுண்ணே?"

"அதும் அந்தப் புள்ளைதுதானுங்க. அதும்பேர்லயே போட்டுருங்க" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்குக் கோபம் மூக்கு நுனிக்கு ஏறிவிட்டது. மறுபடியும் ஒரு தப்பான பெயரா. ஒச்சம்மாளுக்கே ஃபோன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டேன். "நான் பதினேழாந் தேதியே பஸ் ஏறிட்டேன்க்கா. கைக் கணக்க பாதியில விட்டுட்டுத்தான் போனேன். அது என்னுது இல்ல" என்றாள். அந்தப் பதினொன்றும் சேர்ந்தால் அவளுக்கு நல்லதுதான். ஆனாலும் இல்லையென்றாள்.

பூபாலன் அண்ணன் காதைச் சொறிந்துகொண்டார். "அந்தப் புள்ள ஆரம்பிச்ச வேலைங்க. அப்பன் உழுந்துட்டார்னு அழுதுட்டுப் போச்சு. முடிக்காமப் போச்சுன்னு நாளைக்கு ஒருத்தர் சொல்லக் கூடாதில்லீங்க. அதுதான் நானே அது நம்பர்ல உள்ள போயி முடிச்சுப்போட்டேன்."

ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்த ஒச்சம்மாள், "அத உங்க பேர்லயே போடுங்கண்ணே" என்றாள். நானே டைப் அடித்தேன். பதினொன்று, பூபாலன். சாயங்காலம் ஐந்து மணிக்குப் புதுப் பிரதி இன்டர்நெட்டில் ஏறியது. போர்ச்சுகல்காரர் முதல் ஆளாகப் பதில் போட்டிருந்தார்: பழையதை அழித்துவிட்டேன், அந்தப் பெண்ணுக்கு என் வணக்கம்.

திங்கட்கிழமை நாலு மணிக்கு ஒச்சம்மாள் கூப்பிட்டாள். நாங்கள் இருவரும் ஃபோனுக்கு இரண்டு பக்கமும் காதை வைத்துக்கொண்டு நின்றோம்.

"பக்கத்தத் தொறந்து, ஒண்ணொண்ணாக் கேட்டாகண்ணே. ரிப் கணக்கு எப்படி வந்துச்சுன்னு போர்டுல எழுதச் சொன்னாக, எழுதுனேன். வியாழக்கிழமை சொல்றோம்னாக. அப்பறம் ஒருத்தரு, உங்க பேரு ஜூனோட நின்னுருச்சே, பாதியில விட்டத முடிச்ச இந்தப் பூபாலன் யாருன்னாரு. எங்கண்ணன்னு சொன்னேன்."

"சரி கண்ணு."

"கூடப் பொறந்தவரான்னு கேட்டாரு. ஆமான்னுட்டேன். பொய்யிதான். தப்பாண்ணே?"

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "அது அப்படியே இருக்கட்டும் கண்ணு" என்றார். ஒரு பெயர் மாறிப்போனதற்காகப் பத்தொன்பது பேரிடம் மன்னிப்புக் கேட்ட மனுஷன், அதை மட்டும் திருத்தச் சொல்லவே இல்லை.