பள்ளிகொண்டாவுக்கு ஆவாரம்பட்டை தேடி

ஆவாரம்பட்டைச் சாறு எங்கள் சென்னை ஆய்வகத்தில் மார்பகப் புற்றுநோய் செல்களைக் கொன்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வழிகாட்டி மட்டும், "துவர்ப்பை நீக்கிட்டு மறுபடி பாரு" என்றார். ஆம்பூர் பக்கம் தோல் பதனிட உதவிய பட்டை இது. அதன் துவர்ப்பு எந்தப் புரதத்தையும் பிடித்து இறுக்கிவிடும். செல்களும் அப்படித்தான் செத்திருக்கலாம். புதுப் பட்டைக்காகப் பிப்ரவரியில் கிளம்பினேன்.

காட்பாடிக்கு ரயிலில் இரண்டு மணி நேரம். அங்கிருந்து வேலூர் வழியாகப் பள்ளிகொண்டாவுக்கு பஸ். இறங்கியதும் ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் செல்வம், நாற்பது வயதிருக்கும். குடியாத்தம் சாலையில் தெரிந்தவர் ஒருவரின் மேட்டு நிலத்தில் அனுமதி கேட்டு, கத்தியும் வாங்கித் தந்தார்.

"இன்னாத்துக்கு மேடம் இது?"

சொன்னேன். புற்றுநோய் செல்கள் செத்தன என்பதோடு நிறுத்திக்கொண்டேன். திரும்பும்போதுதான் கவனித்தேன், அவர் சட்டைப்பையில் ஒரு பிடி பட்டை.

"என் சம்சாரத்துக்கும் அதே நோவுதான் மேடம். வேலூர்ல மூணு ஊசி போட்டாச்சு. வாந்தி ஜாஸ்தி. நாலாவதுக்கு வரமாட்டேன்றா. இத கசாயம் வச்சுக் குடுக்கலாம்னு."

"அண்ணா, என் லேப் தட்டுல சோப்புத் தண்ணி ஊத்துனாகூட அந்த செல் செத்துடும். உடம்புக்குள்ள இது என்ன பண்ணும்னு எனக்கே தெரியாது. ஊசிய நிறுத்திடாதீங்க."

ஆட்டோவை ஓரங்கட்டினார். "தெரியாததுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?" குரலில் கோபம்.

"தெரிஞ்சுக்கத்தாண்ணா வந்தேன்." சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

அங்கேயே மனைவிக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினார். அவர் பெயர் மஞ்சுளா. வாந்தியைப் பற்றி டாக்டரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"அங்க அவ்ளோ கூட்டம்மா. அவங்களே பேஜார்ல இருக்காங்கன்னு வுட்டுட்டேன்."

"கட்டாயம் சொல்லுங்கக்கா. வாந்திக்கான மாத்திரைய மாத்திக் குடுப்பாங்க."

போனை வாங்கிக்கொண்ட செல்வம், பட்டையை எடுத்து என் பையில் போட்டார்.

இதுபோல் செடி தேடிப் போகிறவர்களுக்கு: நிலத்துக்காரரைக் கேட்காமல் கிளையில் கை வைக்காதீர்கள். தண்டைச் சுற்றிலும் உரித்தால் செடி பட்டுப்போகும். சிறு கிளைகளாக வெட்டுங்கள். காகிதப் பையில் வையுங்கள், பிளாஸ்டிக்கில் பூஞ்சை பிடிக்கும். ஆட்டோ, காத்திருப்போடு நானூறு ரூபாய். எதற்கு என்று யாராவது கேட்டால் பாதியில் நிறுத்தாதீர்கள். கேட்பவர் வீட்டில் என்ன நடக்கிறதென்று நமக்குத் தெரியாது.

மே மாதம், துவர்ப்பை நீக்கிய சாற்றில் செல்கள் ஜோராக வளர்ந்தன. ஒரு வருட உழைப்பு வீண். அன்று மாலையே செல்வத்துக்குப் போன் செய்தேன். மஞ்சுளாதான் எடுத்தார். மாத்திரையை மாற்றிய பிறகு வாந்தி கம்மியாகி, ஆறு ஊசியும் முடிந்துவிட்டதாம்.

பட்டை பலிக்கவில்லை என்றேன்.

"அய்யோ, எவ்ளோ பாடுபட்டிருப்பே! சாப்ட்டியாம்மா இன்னிக்கி?"

இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"மொதல்ல போய்ச் சாப்டு. நான் இப்பல்லாம் மூணு வேளையும் சாப்டறேன்."