சுத்தியலுக்குத் தப்பிய விண்டோஸ்

ஹிப்பிங் நகரத்தின் இரும்புச் சுரங்க அலுவலகத்தில் பத்தொன்பது வருஷம் கணினி பழுதுபார்த்தவள் மார்லிஸ் ட்வெய்ட். மேலாளன் ஒருவன் அவள் இடுப்பில் கை வைத்தான். கையிலிருந்த கீபோர்டாலேயே அவன் முகத்தில் அறைந்தாள். அத்தோடு வேலை போயிற்று. பிறகு, சலவைக் கடையை ஒட்டிச் சின்னதாக ஒரு கடை போட்டாள்.

ஒரு ஜனவரிக் காலையில் டேரா என்ற பெண் மடிக்கணினியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தாள். திரை சில்லுச் சில்லாகியிருந்தது. அவள் உதடும் கிழிந்திருந்தது.

"யாரு பண்ணது?"

"என் புருஷன் ராய்ஸ். சுத்தியலால அடிச்சான். வீட்டுக் கேமரால பதிஞ்சது மொத்தமும் இதுக்குள்ளதான் இருக்கு."

"சுத்தியல் லேப்டாப்புக்கா, உனக்கா?"

"ரெண்டுக்குந்தான்."

உள்ளே, எல்லாம் பதிந்திருக்கும் வட்டு பிழைத்திருந்தது. ஆனால் கேமராப் பதிவுகள் அந்தக் கணினியில் நிறுவியிருந்த விண்டோஸுக்குள் மட்டுமே திறக்கும். மார்லிஸ் வட்டை அப்படியே நகலெடுத்தாள். தன் கணினிக்குள்ளேயே மென்பொருளால் இன்னொரு கணினியை, ஒரு மெய்நிகர் கணினியை, உண்டாக்கி, அந்த நகலை அதில் மாட்டி ஓடவிட்டாள். இரண்டு முறை, விண்டோஸ் முடங்கினால் வரும் நீலத் திரைதான் வந்தது. இடம் மாறிய விண்டோஸ் மிரண்டது. வட்டை இணைக்கும் முறையை மாற்றியதும் டேராவின் திரையில் இருந்த ஏரிப் படமும் அவள் பெயரும் தோன்றின. பாஸ்வேர்டை டேராவே போட்டாள்.

கேமராவில் சமையலறை. ராய்ஸ் டேராவை மயிரைப் பிடித்து இழுத்து, குளிர்பெட்டிக் கதவில் தலையை மோதினான். திரும்பத் திரும்ப. பதினோராவது பதிவில் மார்லிஸ் எழுந்துபோய் வாந்தி எடுத்தாள். மறுநாள் மெய்நிகர் கணினியை முழுசாகப் பிரதி எடுத்து டேராவின் வக்கீலிடம் கொடுத்தாள்.

நாலாம் நாள், டேரா கடையில் இருந்தபோதே ராய்ஸ் கடப்பாரையோடு வந்தான்.

"எங்கடி அது, கிழவி?"

"வெளிய போடா."

கடப்பாரை மார்லிஸின் இடது கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. மேசை, திரை, வட்டு, எல்லாவற்றையும் நொறுக்கினான். டேரா வாசலிலிருந்த பனி அள்ளும் மண்வெட்டியால் அவன் முழங்காலில் ஓங்கிப் போட்டாள். விழுந்தவனை விடாமல் அடித்தாள். மார்லிஸ்தான் ஒற்றைக் கையால் அவளை இழுத்தாள்.

"போதும். செத்துத் தொலைஞ்சான்னா உள்ள போறது நீதான்."

நீதிமன்றத்தில் வேறொரு கணினியில் அந்தப் பிரதியை ஓடவிட்டதும் ராய்ஸின் வக்கீல் எகிறினார். "இது அந்தக் கம்ப்யூட்டரே இல்லையே! நீங்களே செஞ்சதுதானே?"

"பெட்டிதான் வேற. உள்ள ஓடுறது அவங்க வீட்டு விண்டோஸ். பாஸ்வேர்டை டேராவையே போடச் சொல்லுங்க" என்றாள் சாட்சி சொல்ல வந்த மார்லிஸ்.

டேரா தட்டினாள். திறந்தது. அந்த அறை முழுக்கப் பதிவிலிருந்த அவளுடைய அலறல் கேட்டது. ராய்ஸ் குனிந்த தலை நிமிரவில்லை.

அவனுக்கு ஆறு வருஷம். டேரா தன் அக்காவோடு ஃபார்கோவுக்குப் போய்விட்டாள். மார்லிஸின் இடது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. மிச்ச எட்டு விரல்களால் வேலை பார்க்கிறாள்.