பாதி வரைந்த நத்தை

எழுபதுகளின் கடைசியில் ஈப்போவில், கற்களை ஆராயும் ஓர் அலுவலகத்தில் படம் வரைபவளாக இருந்தேன். குன்றுகளுக்கும் ஆறுகளுக்கும் கோடு போட்டுப் போட்டுச் சலித்துப்போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் அதிகாரி ஒரு கல்லை என் மேசையில் வைத்தார். கட்டைவிரல் நீளம். சுண்ணாம்புக் கல்லாகவே மாறிப்போன கடல் நத்தை. குனோங் ராபாட் பக்கம் மலை உடைத்த இடத்தில் கிடைத்ததாம். மேலே போகப்போகக் குறுகும் ஏழு சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் மணி மணியாய் முடிச்சுகள், வாயோரத்தில் ஒரு சிறு வெட்டு. இப்படி ஒன்றை இதுவரை யாரும் விவரித்து எழுதியதில்லை என்றார். அவர் எழுதிப் பெயர் வைப்பார், நான் வரைய வேண்டும். அச்சில் படத்துக்குக் கீழே என் பெயரும் வரும். அதைக் கேட்டதும்தான் எனக்குத் தலை கிறுகிறுத்தது.

கற்களை வெளியே எடுத்துப்போகக் கூடாது என்பது விதி. நான் கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அம்மா சித்தியவான் பக்கத்துத் தோட்டத்தில், ரப்பர் பாலை ஆசிட் ஊற்றி உறைய வைக்கும் வேலையில் இருந்தவள். தோட்டத்தை விற்றதும் என்னோடு வந்துவிட்டாள். கூடவே ஒரு போத்தல் ஆசிட்டும் வந்தது. பித்தளைக் குடம், குளியலறைத் தரை, கறை பிடித்த சட்டி, எல்லாவற்றுக்கும் அவளிடம் அது ஒன்றே மருந்து. கல்லைப் பார்த்துச் சிரித்தாள்.

“இதென்ன பெரிய அதிசயம்? லுமுட் கடலோரம் இந்த மாதிரி சிப்புட் கூடை கூடையா கெடக்குலா.”

சனிக்கிழமை முன்பக்கத்தை வரைந்து முடித்தேன். முதுகுப்பக்கமும் வாயும் பாக்கி. ஞாயிறு காலை சந்தைக்குப் போய்த் திரும்பியபோது, அம்மா ஒரு பீங்கான் மங்குக் கிண்ணத்தை நீட்டினாள்.

“அழுக்குக் கல்ல எப்படி ஆபீஸ்ல குடுப்ப? ஆசிட்ல ஊறப் போட்டேன். நுரை நுரையா அழுக்கு வந்துச்சு பாரு. இன்னும் கொஞ்சம் ஊத்தினேன்.”

நுரைத்தது அழுக்கில்லை, நத்தை. ஆசிட் பட்டால் சுண்ணாம்புக் கல் பொங்கிக் கரையும் என்பதை அலுவலகத்தில் தினமும் பார்ப்பவள் நான். வீட்டில் அந்தப் போத்தல் இருந்தது மட்டும் என் புத்தியில் உறைக்கவில்லை. மங்கில் கிடந்தது, சப்பிப் போட்ட மிட்டாய் போல வழவழவென்று ஒரு துண்டு.

“தோட்டத்துப் புத்தி! உன்னையெல்லாம் டவுன் வீட்டுல வச்சிருக்கேன் பாரு!” என்று கத்தினேன். அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அம்மா ஆசிட் பட்டு வெளுத்த விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டே நின்றாள்.

திங்கட்கிழமை அதிகாரி திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். படத்தையே நெடுநேரம் பார்த்தார்.

“மிச்சத்த ஞாபகத்துல வரஞ்சிடறேன் சார்.”

“கல்லு இல்லாம பேர் வைக்க முடியாதும்மா.”

“அங்க இன்னொன்னு கெடைக்காதா சார்?”

“அந்தப் பக்கத்தையே ஒடச்சு லோரில ஏத்திட்டாங்க.”

பாதிப் படம் கோப்புக்குள் போனது. நத்தைக்கும் பெயர் வரவில்லை, என் பெயரும் வரவில்லை.

நத்தை போனதுகூட நாளடைவில் ஆறிவிட்டது. அம்மா அன்றே போத்தலைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டாள். அதன்பிறகு என் வீட்டில் எதைத் தொடுவதற்கு முன்னும் என்னைக் கேட்டாள். “அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா” என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திமிர், வேறென்ன. எண்பதுகளின் நடுவில் பெரியாஸ்பத்திரியில் அவள் கிடந்த கடைசி வாரம், நான் தேநீர் குடித்துவிட்டுக் கட்டிலோரம் வைத்த குவளையை எடுத்துப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்து மெல்லக் கேட்டாள்.

“இத கழுவலாமா?”