பனையும் கோபுரமும் ஒரே கோட்டில்

எட்டு வயதில் என் பொறுப்பில் ஒரு படகு இருந்தது. கால்மணி நேரம்தான்.

அம்மாவின் தம்பி கொச்சியில், வெளிநாட்டுக்காரர்களின் பாய்மரப் படகுகளில் வேலை பார்த்தார். விடுப்பில் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தால் இரண்டே நாளில் தண்ணீரைத் தேட ஆரம்பித்துவிடுவார். அந்தக் கார்த்திகையில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கண்மாய் நிரம்பி, மிச்சத் தண்ணீர் மறுகாலில் பாய்ந்தது. மீன் குத்தகைக்காரரிடம் சின்னப் படகு ஒன்றைக் கேட்டு வாங்கினார் மாமா. அதில் நங்கூரம் இல்லை. வீட்டிலிருந்து எங்கள் பழைய ஆட்டுக்கல்லின் குழவியைக் கொண்டுவந்து கயிற்றில் கட்டினார்.

"ஏலே கப்பல்காரா, தண்ணிக்குள்ள போயி மாவாட்டப் போறியா?" என்றார் குத்தகைக்காரர்.

"கனத்துல என்ன இருக்கு அண்ணாச்சி? ஆழத்தப் போல அஞ்சு மடங்கு கயிறு விட்டா எதுவும் நிக்கும்."

நங்கூரத்தின் கொக்கி மண்ணைக் கவ்வும்; உருண்டைக் குழவி எதைக் கவ்வும் என்று மாமா யோசிக்கவில்லை. மற்றபடி எல்லாம் முறையாகச் செய்தார். என்னையும் ஏற்றிக்கொண்டு தண்ணீருக்குள் போனதும் கம்பால் ஆழம் பார்த்தார். காற்று திரும்பினால் படகு வட்டமடிக்க இடம் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு குழவியை இறக்கிவிட்டு, கரையில் நின்ற ஒற்றைப் பனையைக் காட்டினார். அதற்கு நேர் பின்னால், தூரத்தில் ஆண்டாள் கோயில் கோபுரம்.

"ரெண்டும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா இருக்கான்னு பாத்துக்கிட்டே இரு. செத்த நேரம் படுக்கேன்." முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டார்.

நண்பகல். காற்று இல்லை, அலை இல்லை. நாரைகள்கூடச் சத்தமில்லாமல் நின்றன. படகு துளியும் அசைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் பனை நடந்தது. கோபுரத்தின் நடுவிலிருந்து மெல்ல விலகி அதன் ஓரத்துக்குப் போய் நின்றது.

நான்தான் கோணலாக உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்தேன். பலகையில் கொஞ்சம் நகர்ந்தேன். பனை திரும்பிவந்தது போலிருந்தது.

"ஏட்டி, இருக்கா?" துண்டுக்குள்ளிருந்து மாமாவின் குரல்.

"இருக்கு மாமா."

பனை மறுபடி நடந்தது. நான் மறுபடி நகர்ந்தேன். எங்கிருந்தோ நிறையப் பேர் ஒரே குரலில் முணுமுணுப்பது போல ஒரு சத்தம் கேட்டது. கண்ணை எடுக்கக் கூடாது என்பதால் திரும்பிப் பார்க்கவில்லை. சத்தம் நெருங்கி வந்தது.

"இருக்கா?"

"இருக்கு."

நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கே வந்துவிட்டேன். படகு சாய்ந்தது. மாமா துள்ளி எழுந்தார். என் முதுகுக்குப் பின்னால் முப்பதடி தூரத்தில் கலுங்கு. கண்மாயின் மிச்சத் தண்ணீரெல்லாம் அதைத் தாண்டி, ஆளுயரத்துக்குக் கீழே பாறையில் விழுந்துகொண்டிருந்தது.

கயிற்றை அறுத்துவிட்டுத் துடுப்புப் போட்டார். கரை தட்டியதும்தான் கேட்டார்: "ஏட்டி, எப்பருந்து நகந்துச்சு?"

"இப்பத்தான்."

அவர் என்னையே பார்த்தார். திட்டவில்லை. என்னைத் தூக்கிக் கரையில் விட்டுவிட்டு, ஈரமண்ணிலேயே உட்கார்ந்துகொண்டார். துடுப்புப் போட்ட களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். நான் வேலையைச் சரியாகத்தான் செய்தேன் என்ற நினைப்போடு வீட்டுக்கு வந்தேன். கேட்டபோதெல்லாம் 'இருக்கு' என்று சொன்னேனே! 'இல்லை' என்று ஒரே ஒரு முறை சொல்வதற்காகத்தான் என்னை அங்கே உட்கார வைத்திருந்தார் என்பது, அன்று எனக்குத் தெரியவில்லை.