நான்காம் படத்தில் இல்லாத கை

எங்கள் சங்கத்தில் அவருக்குக் கயிறு என்று பெயர். வேலை லிஃப்ட் மெக்கானிக். சர்வேயர் படங்களில் ஐந்தாவது வந்த சமயம், கதாநாயகன் பள்ளத்தாக்கைக் கடக்கும் கயிற்றின் பருமனைப் பார்த்தால் அதில் மூன்று பேர் தொங்கவே முடியாது என்று நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்து படித்தார். எடை, இழுவை என்று கணக்கெல்லாம் போட்டிருந்தார். படித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர், "அண்ணே நல்லா கயிறு திரிக்கிறாரு" என்றார். அன்றோடு பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் பொய் சொல்லிக் கேட்டவர்கள் யாரும் இல்லை. அதனால்தான் எல்லோரும் சிரிக்க முடிந்தது.

சர்வேயர் படங்கள் என்று நாங்கள் சொல்வது ஒரு நில அளவையாளரின் கதை. மறைந்துபோன ஊர்களைத் தேடி மலையும் ஆறுமாக அலைவார். கூடவே வரைபடம் படித்து வழி சொல்ல அவருடைய தங்கை. முதல் இருபத்தாறு வருடங்களில் ஏழு படங்கள், எல்லாவற்றிலும் ஒரே நடிகர். தையல் மெஷின் கடைக்கு மேலே ஒரு அறையில், மாதத்தின் முதல் ஞாயிறு மதியம், முப்பது பேர் கூடி அவற்றைப் பற்றிப் பேசுவோம். நான் பள்ளி வேன் ஓட்டுகிறவள். வாரமெல்லாம் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற எனக்குப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேச வாய்த்த ஒரே இடம் அது.

கயிறு அண்ணனோடு எப்போதும் ஒருவர் வருவார். ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆப்பரேட்டர். பிறவியிலேயே பார்வை இல்லை. இருவருக்கும் பழக்கமானது ஒரு லிஃப்டில். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே ஆப்பரேட்டர் தனியாக மாட்டிக்கொண்டார். மேலே மோட்டார் அறைக்கு உதவியாளரை அனுப்பிவிட்டு, மெக்கானிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பேசிக்கொண்டே இருந்தார்.

"இப்ப பிரேக்கைக் கையால விடப் போறோம். டங்குன்னு ஒரு சத்தம் கேக்கும். அப்புறம் ஒரு அடி கீழ இறங்கும், நிக்கும். மறுபடி ஒரு அடி. உள்ள கைப்பிடி இருக்கு, உங்க இடுப்பு உயரத்துல, வலது பக்கம். புடிச்சுக்கோங்க."

வெளியே வந்ததும் ஆப்பரேட்டர் நன்றி சொல்லவில்லை. "நீங்க சினிமாவுக்குப் போவீங்களா?" என்று கேட்டாராம். மற்றவர்கள் எல்லாம் பத்து நிமிஷம் பொறுங்கள் என்பார்கள். இந்த மனிதர் நடப்பதை நடக்கிறபடி சொல்கிறாரே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மூன்றாம் சர்வேயர் படத்திலிருந்து இருவரும் சேர்ந்தே போனார்கள். வசனம் இல்லாத இடங்களில் மெக்கானிக் காதோரம் குனிந்து சொல்லுவார். முன்சீட்டுக்காரர்கள் திரும்பி முறைத்தால் குரலை இன்னும் இறக்குவார், நிறுத்தமாட்டார்.

மூன்று வருடங்களுக்கு முன்பு அந்த நடிகர், முட்டி தேய்ந்துவிட்டது, இனி மலை ஏறுவதாக இல்லை என்று அறிவித்தார். அடுத்து என்ன செய்யலாம், ரசிகர்கள் எழுதி அனுப்புங்கள் என்று படக் கம்பெனியும் கேட்டிருந்தது. எங்கள் அறையில் அன்று நாற்காலி போதவில்லை.

வேதியியல் டீச்சர் ஒருவர் இருக்கிறார். அவர் பேசினால் கரும்பலகையில் எழுதுவது போலவே இருக்கும். புது நடிகர் வரவேண்டும் என்பது அவர் கட்சி. "ஒரு ஆளோட முட்டிக்காக ஒரு கதையே உக்காந்துடணுமா?" என்றார். சர்வேயரின் இளமைக் காலத்தை எடுக்கலாம் என்றது ஒரு கும்பல். நான் நிறுத்திவிடலாம் என்ற பக்கம். கயிறு அண்ணனும் அதே பக்கம்தான், என்னைவிடப் பிடிவாதமாக. "ஏழு போதும். நல்லா இருக்கும்போதே எந்திரிச்சுடணும்" என்று இரண்டு முறை சொன்னார்.

அப்போது ஆப்பரேட்டர் எழுந்து நின்றார். அவர் கூட்டத்தில் பேசுவது அபூர்வம்.

"தங்கச்சியை மறந்துட்டு எல்லாரும் பேசிக்கிட்டிருக்கோம். மூணு படத்துல வழி கண்டுபுடிச்சது யாரு? அண்ணன் நடந்தாரு, அவ்வளவுதான். நாலாவதுல ஆத்தோட போனவ, கிளையைப் புடிச்சா. அதுக்கப்புறம் அவளைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. இத்தனை வருஷம் எங்க இருந்தா, ஏன் திரும்பி வரல? எட்டாவது படம் அவளோடதா இருக்கட்டும்."

அழகான யோசனை. ஆனால் அப்படி ஒரு கிளை எங்கள் யாருக்கும் நினைவில்லை. டீச்சர்தான் வெள்ளந்தியாகக் கேட்டார். "சார், அவங்க அந்தப் படத்துலயே இறந்துட்டாங்களே. கரையில கிடத்தி, தன் கோட்டை எடுத்து முகத்தை மூடுவாரே."

"மூடுவாரா?"

"ஆமா சார். மியூசிக் மட்டும் வருமே, அந்த இடம்."

ஆப்பரேட்டர் முகத்தைக் கயிறு அண்ணன் உட்கார்ந்திருந்த பக்கம் திருப்பினார். "சர்வேயர் மலையைப் பாத்துக்கிட்டு நிக்கிறார்னு சொன்னீங்க."

"ஆமா."

"கிளையைப் புடிச்ச கை?"

"கை இல்ல."

அதுவரை நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. முப்பது வருடமாக நாற்பது மாடி உயரத்தில் இரும்புக் கயிற்றுக்கு மசகு போடுகிற மனிதர், தரையில் நாற்காலியில் உட்கார்ந்து விழப்போகிறவர் போல இரண்டு கைகளாலும் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான்காம் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே அவர் வேறு விஷயத்துக்குத் தாவுவது எங்களுக்குத் தெரியும். படம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்திருந்தோம்.

ஆப்பரேட்டரை நான்தான் வேனில் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது சொன்னார்: "ஒரு உதவிம்மா. ஏழு படத்தையும் எனக்கு முதல்ல இருந்து நீங்க சொல்லணும். சனிக்கிழமை எனக்கு லீவு. அவரையும் வரச் சொல்லுங்க. பக்கத்துல உக்காரட்டும், பேசக் கூடாது."

நடந்தது என்னவென்று பிறகு கயிறு அண்ணனே சொன்னார். நான்காம் படம் வருவதற்கு நான்கு மாதம் முன்பு ஆப்பரேட்டரின் மனைவி காலமாகியிருந்தார். வேலைக்குப் போவார், வருவார், கதவைச் சாத்திக்கொள்வார். விடாமல் கூப்பிட்டு, கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தியேட்டருக்கு அழைத்துப் போனது இவர்தான். இப்படி ஒரு காட்சி வரும் என்று இவருக்கும் தெரியாது. ஆற்றின் இரைச்சல் நின்று இசை தொடங்கியதும் ஆப்பரேட்டர், "என்ன ஆச்சு, போயிட்டாளா?" என்று கேட்டிருக்கிறார். திரையில் கோட்டை விரித்துக்கொண்டிருந்தார்கள். இவர் வாயில் வந்தது அந்தக் கிளையும் கையும்.

"யோசிச்சுச் சொல்லலம்மா. வாய் சொல்லிடுச்சு. அவர் மூச்சு விட்டாரு, அது எனக்குக் கேட்டுச்சு. அதுக்கப்புறம் மாத்த முடியல."

சனிக்கிழமைகள் தொடங்கின. ஆப்பரேட்டர் வீட்டில் முன்னறை மட்டும்தான் பெரியது. ஒரு சோபா, ஒரு மர ஸ்டூல், பாட்டுப் பெட்டி, டிவி. டிவி அவர் மனைவிக்காக வாங்கியது. அதை நான்தான் துடைத்து வைத்தேன். நான் நடுவில், ஆப்பரேட்டர் எனக்கு இடது பக்கம், கயிறு அண்ணன் ஸ்டூலில்.

எனக்கு அந்த வேலை சுத்தமாக வரவில்லை. "ஓடுறாரு... நின்னுட்டாரு... இல்ல இல்ல, இது வேற ஆளு" என்று உளறுவேன். நான் சொல்லி முடிப்பதற்குள் காட்சி மாறிவிடும். ஸ்டூலில் இருப்பவருக்கு வாய் துறுதுறுக்கும். பேசக் கூடாது என்பதால் தொடையில் தாளம் போடுவார். இரண்டாவது வாரம் ஆப்பரேட்டருக்கே பொறுக்கவில்லை. "ஏம்மா, பிள்ளைங்களை வேன்ல ஏத்தும்போதும் இப்படித்தான் எண்ணுவீங்களா?" என்று கேட்டார்.

ஆனால் அவர் என்னிடம் கேட்ட கேள்விகள்தான் என்னை உலுக்கின. "இந்த இடத்துல அவ வரைபடத்து மேல விரலைத் தட்டிக்கிட்டே இருப்பாளே, தட்டுறாளா?" நான் அந்த மூன்றாம் படத்தைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். நிறுத்திப் பார்த்தேன். தட்டிக்கொண்டுதான் இருந்தாள். "கூடாரத்துல ஒரு ஓரம் தைச்சிருக்குமே, வேற நிறத் துணி வச்சு?" இருந்தது. அத்தனையும் கயிறு அண்ணன் காதோரம் சொன்னவை. ஒன்றுகூடத் தவறவில்லை. இரண்டு கண்ணோடு நான் பார்த்ததைவிட அதிகமாக ஆப்பரேட்டர் பார்த்து வைத்திருந்தார்.

நான்காம் படம் நான்காவது சனிக்கிழமை. அந்த இடம் வந்ததும் சொன்னேன். கரை, ஈர மணல், கோட்டு.

"திரும்பப் போடுங்க" என்றார். போட்டேன்.

"கோட்டு என்ன மாதிரி? முழங்காலைத் தொடுமா?"

"தொடும் சார். ஒரு பட்டன் இல்ல."

"முகம்?"

"தூங்குற மாதிரி இருக்கு. தலைமுடியில மணல். அதை விரலால எடுத்துட்டு அப்புறம்தான் மூடுறாரு."

இசை முடிந்ததும் ஆப்பரேட்டர் எனக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் இருந்தவரிடம் பேசினார். பேசக் கூடாது என்ற விதியை அவரே அன்று மட்டும் தளர்த்தினார்.

"அன்னைக்கு நீங்க சொன்னது எனக்கு வேண்டித்தான் இருந்துச்சு. அதை நான் இல்லைங்கல. உண்மையைச் சொல்லியிருந்தா எந்திரிச்சு வெளிய போயிருப்பேன், அப்புறம் எங்கயும் வந்திருக்க மாட்டேன். ஆனா மறுநாள் சொல்லியிருக்கலாமே. பதினஞ்சு வருஷத்துல மறுநாள்னு ஒன்னு வரவே இல்லையா?"

"வந்துச்சு" என்றார் கயிறு அண்ணன். "தினமும் வந்துச்சு."

"ஏழு போதும்னு சொன்னீங்களே, அது?"

"அடுத்த படம் வந்தா, தங்கச்சி என்ன ஆனான்னு நீங்க கேப்பீங்க. அந்த பயம்தான். படத்து மேல அக்கறை எல்லாம் இல்ல."

ஆப்பரேட்டர் சிரித்துவிட்டார். சந்தோஷச் சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். கோபம் தீர்ந்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். மீதி மூன்று படங்களையும் நானே சொல்ல வேண்டும் என்றார். கயிறு அண்ணன் மூன்று சனிக்கிழமையும் வந்து வாயைத் திறக்காமல் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

கடிதம் எழுதும் நாள் வந்தது. தன் யோசனையை எடுத்துவிடும்படி ஆப்பரேட்டர் கேட்டுக்கொண்டார். டீச்சர் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு மாதமாக அவர் அதையே யோசித்துக்கொண்டிருந்தாராம். "அவங்க உயிரோட இருந்த காலத்துலயே ஒரு கதை இருக்கலாம் சார். அண்ணன் இல்லாம அவங்க தனியாப் போன ஒரு பயணம்." அதையும் சேர்த்து நான்கு கருத்துகளாக அனுப்பினோம். கயிறு அண்ணன் கட்சி மாறிப் புது நடிகருக்குக் கை தூக்கினார். நான் மட்டும் நிறுத்திவிடலாம் என்பதிலேயே நின்றேன்.

கம்பெனியிலிருந்து இரண்டு வரி நன்றி வந்தது. எல்லோருக்கும் அனுப்புகிற அதே இரண்டு வரி. போன மாதம் எட்டாம் படம் வெளியானது. புது நடிகர், புதுக் கதை, தங்கை இல்லை.

இடையில் அவர்கள் இருவரும் சேர்ந்து எந்தப் படத்துக்கும் போகவில்லை. எட்டாம் படத்துக்கு ஆப்பரேட்டரே போன் செய்து அழைத்தார். தியேட்டர் வாசலில் நான் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னார். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. சொல்ல முடியலன்னா அதையும் சொல்லுங்க. நான் காத்துக்கிட்டிருப்பேன்."

படத்தில் ஒரு நாய் அடிபடுகிற இடம் வந்தது. காதோரக் குரல் நின்றது. பிறகு, "கொஞ்சம் பொறுங்க" என்பது எனக்கும் கேட்டது. ஆப்பரேட்டர் பொறுத்தார். அரை நிமிடம் கழித்து, நாய்க்கு என்ன ஆயிற்று என்பதைக் கயிறு அண்ணன் உள்ளபடி சொன்னார். முன்சீட்டில் ஒருவர் திரும்பி முறைத்தார்.

புது நடிகரைப் பற்றிச் சங்கத்தில் இன்னும் அடிதடி ஓயவில்லை. ஓட்டம் சரியில்லை என்கிறார் டீச்சர். குரல் பரவாயில்லை, படியேறும்போது நிஜமாகவே மூச்சு வாங்குகிறது என்கிறார் ஆப்பரேட்டர். ஒன்பதாவது எடுக்கலாமா என்று அடுத்த ஞாயிறு பேசப்போகிறோம். கயிறு அண்ணன் ஆறு பக்கம் எழுதி வைத்திருக்கிறார். அதில் தூக்குப் பாலம் ஒன்றின் கணக்கு மட்டும் இரண்டு பக்கம் என்று கேள்வி.