நரிச்சந்து

டோல்கேட் பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் கூடையிலிருந்து முளைக்கீரைக் கட்டை எடுத்து உதறினாள். வேரில் ஒட்டியிருந்த ஈரமண்ணின் வாசனையும் கன்டெய்னர் லாரியின் டீசல் புகையும் ஒன்றாக மூக்கில் ஏற, வந்த பஸ்ஸைத் தவறவிட்டேன். தொண்ணூறுகளின் கடைசியில் நான் இழுத்து வளர்ந்த மூச்சு அது.

மணலியைத் தாண்டி எண்ணூர்க் கழிமுகத்தை நோக்கிச் சரியும் நிலத்தில் அம்மா குத்தகைக்குக் கீரை போட்டாள். பக்கத்து நிலத்தை அதே நிலத்துக்காரரிடம் குத்தகைக்கு எடுத்திருந்தவள் எல்லம்மா அத்தை. உறவில்லை, வாய் நிறைய அப்படிக் கூப்பிடுவோம். இரண்டுக்கும் நடுவே, இவர் பாதி அவர் பாதியென உழாமல் விட்ட ஒரு கோரைப்புல் பட்டை, மேற்கே ஏரியிலிருந்து கிழக்கே கழிமுகத்துப் புதர்கள் வரை ஓடியது. "நரிச்சந்து" என்போம். சுற்றிலும் ஆலைகளின் மதில்கள் எழும்பிவிட்டிருந்ததால், நரியும் கீரியும் தண்ணீருக்கு ஏரிக்கும் நண்டுக்குக் கழிமுகத்துக்குமாகப் போய்வர இருந்த ஒரே வழி அது. பொழுது சாய்ந்தால் புல் மட்டும் அசையும், உடம்பு தெரியாது. காலையில் வரப்பில் தடம் இருக்கும். சில நாள் கடித்துப்போட்ட வெள்ளரிப் பிஞ்சும் கிடக்கும். "துன்னுட்டுப் போவட்டும், பெருச்சாளிய இதுங்கதான புடிக்குதுங்க" என்பாள் அம்மா.

அத்தையின் புருஷன் கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கியவர். ஒருநாள் மூட்டையோடு சரிந்து, இடுப்பு ஒடிந்து படுத்துவிட்டார். இனி அந்த வீட்டுக்குச் சோறு என்றால் கீரைதான். அத்தை யாரிடமும் கேட்காமல் சந்தில் தன் பாதியைக் கொத்திப் பாத்தி கட்டினாள். காத்திவாக்கத்து மீனவர்கள் கழித்துப்போட்ட கிழிசல் வலையை வாங்கி வந்து அதைச் சுற்றிக் கட்டினாள். "அவ வவுத்துக்குப் பண்றா, நாம இன்னா சொல்றது" என்று என் நைனா ஒதுங்கிக்கொண்டார்.

விதை முளைத்த வாரமே ஒரு நரி மாட்டியது. விடிந்து நாங்கள் போனபோது, நைலான் இறுகிய பின்னங்காலை அது இழுத்த இழுப்பில் புதுக்கீரை முழுக்கச் சேறாகிக் கிடந்தது. அது ஊளையிடவில்லை, எங்களைப் பார்த்தது. அத்தை அரிவாளோடு நின்றாள். எதற்கு எடுத்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை போலிருந்தது.

"நீயே சொல்லுக்கா. நரிய பாக்கறதா, நான் பெத்ததுங்கள பாக்கறதா?"

அம்மா அரிவாளை வாங்கி, ஒரு கோணியை அதன் தலைமேல் போட்டு, என்னை அமுக்கிப் பிடிக்கச் சொல்லி வலையை அறுத்தாள். கோணிக்குள் அத்தனை சூடு. அது நொண்டிக்கொண்டே கோரைக்குள் மறைந்தது. பிறகு அம்மா, எங்கள் தெற்கோரத்துக் கொத்தமல்லிப் பாத்திகளை அத்தையே எடுத்துக்கொள்ளட்டும், சந்தில் மட்டும் கைவைக்க வேண்டாம் என்றாள். அத்தை அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே, "நரிக்கு சம்மந்தி ஆய்ட்டியாக்கா நீ" என்று கேலியும் செய்தாள்.

நைனா பல நாள் அம்மாவோடு பேசவில்லை. கொத்தமல்லிக் காசு போனதில் என் டியூஷன் நின்றது. அவர் கோபம் நியாயம் என்று இந்த வயதில் தோன்றுகிறது. அம்மா செய்ததும் நியாயமாகவே தோன்றுகிறது. எது கூட, எது குறைவு என்று சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. அடுத்த மழைக்குக் கோரை வளர்ந்தது, தடங்கள் வந்தன. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு நொண்டித் தடத்தைத் தேடுவேன். கண்டதில்லை.

சில வருடங்களில் நிலத்துக்காரர் இரண்டு நிலத்தையும் விற்றுவிட்டார். இன்று அங்கே கன்டெய்னர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. ஏரிக்கும் கழிமுகத்துக்கும் நடுவே புல் என்று சொல்ல எதுவுமில்லை. கீரை ஊத்துக்கோட்டைப் பக்கமிருந்து லாரியில் வருகிறது.

நாங்கள் காலி செய்த நாளில், மதில் சந்துக்குக் குறுக்கே இடுப்புயரம் வந்திருந்தது. சாமான்களோடு புருஷனையும் மீன்பாடி வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, பின்னால் நடக்கவேண்டிய அத்தை திரும்பி வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"செவுத்துல கீய ஒரு ஓட்ட வுட சொன்னேன்க்கா. மேஸ்திரி சிரிக்கிறான். நீ ஒரு தபா சொல்லிப் பாரேன்."